ரோபோ வந்தால் தரையும் மாற வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.

ரோபோ என்று பேச்செடுத்தாலே, "எத்தனை பேருக்கு வேலை போகும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆட்களின் வேலை என்ன ஆகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கிடங்குக்குள் போய்ப் பார்த்துவிடுவோம்.

பழைய முறைக் கிடங்கில் ஆர்டர் வந்ததும் ஆள் தள்ளுவண்டியோடு பொருளைத் தேடிப் புறப்படுவார். ஷிப்ட் முடிவதற்குள் பல கிலோமீட்டர் நடந்திருப்பார். 2003-ல் தொடங்கிய கிவா சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க ரோபோ நிறுவனம் இதைத் திருப்பிப் போட்டது. ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார், அலமாரி அவரைத் தேடி வரும். முழங்கால் உயரம்கூட இல்லாத தட்டையான வண்டி ஒன்று அலமாரிக்கு அடியில் நுழைந்து, அதைக் கொஞ்சம் தூக்கி, அப்படியே சுமந்து வரும். தரையில் கட்டம் கட்டமாக ஒட்டிய குறியீடுகளைப் படித்துப் படித்துத்தான் அது வழி கண்டுபிடிக்கிறது. 2012-ல் அமேசான் இந்த நிறுவனத்தை 775 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2025-ல் தங்கள் பத்து லட்சமாவது ரோபோவை வேலையில் இறக்கிவிட்டதாக அறிவித்தது.

நடந்து பொருள் எடுக்கிற இயந்திர மனிதனைச் செய்ய கிவா முயலவே இல்லை பாருங்கள். அந்த நடையையே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அலமாரிகளுக்கு நடுவே ஆள் போக வேண்டாம் என்றானதும் இடைவழிகள் சுருங்கின. அதே கட்டடத்தில் கூடுதல் சரக்கு அடங்கியது. தொழில் மாறுகிறது என்று நான் சொல்வது இதைத்தான். பழைய வேலைமுறையை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு ரோபோவை நிறுத்தினால் செலவுதான் மிஞ்சும்.

ஓட்டுநரில்லா வண்டி என்றதும் நமக்கு நகரத்துச் சாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முன்பே இது சுரங்கத்தில் தொழிலாக வேரூன்றிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புத்தாது வட்டாரத்தில் ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் 2008-லேயே தானியங்கி லாரிகளைச் சோதிக்கத் தொடங்கிவிட்டது. சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, பெர்த் நகரில் உட்கார்ந்து அவற்றைக் கண்காணிக்கிறார்கள். ஷிப்ட் மாற்றத்துக்காகவோ சாப்பாட்டுக்காகவோ இந்த லாரிகள் நிற்பதில்லை. சரி, அங்கே சுலபமாக நடந்தது ஏன்? சுரங்கம் வேலி போட்ட உலகம். உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியையும் ஆளையும் முன்கூட்டியே பதிந்து வைக்க முடியும்.

அங்கேயும் ஒரு சங்கடம். மனிதர் ஓட்டினால் சக்கரம் இன்று ஒரு தடத்தில் போகும், நாளை ஓர் அடி தள்ளிப் போகும். இயந்திரம் ஒவ்வொரு நடையும் அச்சு மாறாமல் ஒரே தடத்தில் போகும். நூற்றுக்கணக்கான டன் அதே கோட்டில் திரும்பத் திரும்ப ஏறினால் மண்பாதை குழிந்து பள்ளமாகிறது. அப்புறம் வேண்டுமென்றே தடத்தைச் சற்று விலக்கி ஓடும்படி லாரிக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பொதுச்சாலை வேறு கதை. 2004-ல் அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, ஓட்டுநரில்லா வண்டிகளுக்குப் பாலைவனத்தில் சுமார் 240 கிலோமீட்டர் பந்தயம் வைத்தது. எல்லாவற்றையும் விட முன்னே போன வண்டி 12 கிலோமீட்டரைக்கூடத் தாண்டவில்லை. அங்கிருந்து, 2025-ல் டல்லாஸுக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவே அரோரா என்ற நிறுவனத்தின் ஓட்டுநரில்லா லாரிகள் வணிகச் சரக்கோடு ஓடத் தொடங்கியதுவரை இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நெடுஞ்சாலை முதலில், நகரத் தெருக்கள் பிறகு என்று சரக்குத் தொழில் பிரித்துக்கொள்வதே சரி என்பது என் எண்ணம்.

இப்போது ஆட்களுக்கு வருகிறேன். கிடங்கில் நடை மிச்சமானதில் மகிழ்ச்சிதான். ஆனால் நிற்கிற ஆளுக்கு முன்னால் அலமாரி வந்துகொண்டே இருக்கிறது. குனிய வேண்டும், எட்ட வேண்டும், எடுத்து வைக்க வேண்டும். முடிப்பதற்குள் அடுத்த அலமாரி. முன்பு நடையே அவருக்கு ஓய்வாகவும் இருந்தது. இப்போது வேகத்தை முடிவு செய்வது இயந்திரம். அந்த வேகத்தை எவ்வளவு வைப்பது என்ற பேச்சில் அவருக்கும் இடம் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது இரக்கத்தால் மட்டும் இல்லை. வேலையின் நுணுக்கம் அவரிடம் இருக்கிறது.

ஒரு கிடங்கில் புது ரோபோ வண்டிகள் அடிக்கடி நடுவழியில் நின்றன. மென்பொருளைத் துருவினார்கள், சென்சாரை மாற்றினார்கள். நான் போன அன்று, கட்டு கட்டும் பெண்மணி ஒருவர் சரக்குக் கட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளின் தொங்கும் நுனியைக் காட்டினார். காற்றில் அது ஆடும்போதெல்லாம் ஏதோ குறுக்கே நிற்கிறது என்று வண்டி நின்றுவிடுகிறதாம். தன் கட்டுகளில் மட்டும் நுனியை உள்ளே செருகி வந்திருக்கிறார். "நீங்க ஏம்மா முன்னாடியே சொல்லலை?" என்றேன். "யாரும் கேக்கலையே சார்" என்றார்.

அடுத்த திட்டக் கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினேன்.