ஒட்டுப் பிடிக்கும்வரை தண்ணீர் எங்கிருந்து வரும்?

நேயர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டு வளவில் மாங்கன்று ஒட்டிப் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, ஒட்டினது துளிர்த்தது, இரண்டு இலையும் விட்டது, பிறகு ஏன் கருகினது?" கேட்கிற விதத்திலேயே யாருடைய கண்ணோ பட்டுவிட்டது என்ற சந்தேகம் தெரியும். கண்ணூறு ஒன்றும் இல்லை. அந்தத் துளிர் ஒட்டுப் பிடித்ததற்கு அடையாளமே அல்ல. தாய்மரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டில் கொஞ்சம் மாப்பொருளும் கொஞ்சம் நீரும் முன்பே இருக்கும். அதை வைத்துக்கொண்டே மொட்டு விரிந்துவிடும். கீழே நிற்கிற கன்றிலிருந்து ஒரு சொட்டு நீரும் ஏறியிருக்கத் தேவையில்லை. இலை விரிந்ததும் செலவு கூடும், வரவு இல்லை. அப்புறம் கருகாமல் என்ன செய்யும்?

அப்படியென்றால் நீர் எப்போது ஏறும்? அதற்கு வெட்டுமுகத்துக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

கத்தி பட்ட இடத்தில் கலங்கள் உடைந்து சாகும். அவற்றின் சாறும் சுவர்த் துண்டுகளும் மெல்லிய படலமாக இரண்டு முகங்களிலும் படியும். எங்கள் உடம்பில் காயம் பட்டால் இரத்தத்தோடு கலங்கள் அந்த இடத்துக்கு ஓடி வரும். மரத்தில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கலமும் தன் சுவருக்குள் அடைபட்டது, இடம் விட்டு இடம் போகாது. காயத்தின் ஓரத்தில் எது உயிரோடு மிஞ்சியதோ அதுதான் எல்லா வேலையும் பார்க்க வேண்டும். மிஞ்சிய கலங்கள் தங்கள் பழைய தொழிலை விட்டுவிட்டுப் பிரிவடையத் தொடங்கும். வெண்மையான, ஒழுங்கில்லாத, மென்மையான ஒரு இழையம் பொங்கி வரும். கலஸ் என்று சொல்வது இதைத்தான். மேல்துண்டிலிருந்து வருகிற கலஸும் கீழ்க்கட்டையிலிருந்து, அதாவது வேரோடு கீழே நிற்கிற கன்றிலிருந்து, வருகிற கலஸும் அந்தச் செத்த படலத்தைக் கிழித்துக்கொண்டு இடைவெளியில் சந்திக்கும். செங்கல்லுக்கு நடுவே சாந்து போல, பெக்ரின் என்ற பசைப்பொருள் அவற்றைப் பிடித்து வைக்கும். பிறகு அடுத்தடுத்த கலச்சுவர்களில் நுண்ணிய துளைகள் உண்டாகி, இந்தப் பக்கத்துக் கலமும் அந்தப் பக்கத்துக் கலமும் கொடுக்கல் வாங்கல் தொடங்கும்.

இவ்வளவு நடந்தாலும் நீர்க்குழாய் இன்னும் வரவில்லை. அதை உண்டாக்குவது மாறிழையம். பச்சைக் கிளையின் பட்டையை உரித்தால் விரலில் வழுவழுவென்று படுமே, அந்த இடம். உள்ளே நீர் கொண்டுபோகும் காழையும் வெளியே உணவு கொண்டுபோகும் உரியத்தையும் பிறப்பிக்கிற மெல்லிய படை அது. மேல்துண்டின் மாறிழையமும் கட்டையின் மாறிழையமும் நேருக்கு நேர் இருந்தால், கலஸின் நடுவே புதிய மாறிழையம் உண்டாகி இரண்டையும் இணைக்கும். துண்டு மெல்லியது, கட்டை தடித்தது என்றால் நடுவில் செருகி அழகு பார்க்க வேண்டாம். ஒரு பக்கத்திலாவது மாறிழையம் மாறிழையத்தோடு நேராக நிற்கட்டும்.

பனையை ஏன் ஒட்ட முடியவில்லை என்று இப்போது விளங்கும். பனைக்கும் தென்னைக்கும் அந்த மாறிழையமே இல்லை. யுத்த காலத்தில் ஷெல் துண்டு துளைத்த பனைகளில் வடு வடுவாகவே கிடக்கிறது. பக்கத்தில் நின்ற வேம்போ தன் காயத்தின் மேல் புது மரத்தை வளர்த்து மூடிக்கொண்டது. இதை வைத்துக் கவிதை எழுத எங்கள் ஆட்களுக்கு ஆசை வரும், நான் தாவரவியலோடு நிற்கிறேன். பனையைப் போலவே நெல், கோதுமை எல்லாம் விதையில் ஒரே இலை கொண்ட ஒருவித்திலைச் செடிகள், அவற்றை ஒட்டவே முடியாது என்றுதான் நெடுங்காலம் பாடம் நடந்தது. 2022-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், முளைக்கிற விதையின் மிக இளம் இழையத்தில் செய்தால் அவையும் ஒட்டும் என்று காட்டினார்கள். கோதுமைத் தண்டை ஓட்ஸ் வேரில் நிறுத்தியே காட்டினார்கள்.

சரி, காயம் பட்டதைக் கலம் எப்படி அறிகிறது? ஒட்சின் என்ற ஓமோன் தளிர் நுனியில் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்கும். தண்டை வெட்டினால் வெட்டுக்கு மேலே அது தேங்கும், கீழே வற்றும். 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அராபிடொப்சிஸ் என்ற சிறு செடியின் தண்டைப் பாதி அறுத்துப் பார்த்தபோது, ஒட்சின் தேங்கிய மேற்பக்கத்தில் ஒரு பரம்பரையலகும் வற்றிய கீழ்ப்பக்கத்தில் வேறொன்றும் வேலை தொடங்கியதைக் கண்டார்கள். அறுவை ஒன்றுதான், இரண்டு கரைக்கும் கிடைக்கிற சேதி வேறு வேறு.

இந்தச் செடியின் நாற்றுகளை ஒட்டிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. முதலில் இணைவது உணவு கொண்டுபோகும் உரியம், மூன்று நான்கு நாளில். நீர் கொண்டுபோகும் காழ் இணைய ஒரு கிழமை அளவு ஆகிறது. விரல் நீளச் செடிக்கே அப்படியென்றால் மாங்கன்றுக்குக் கிழமைகள் ஆகும். அதுவரை மேல்துண்டு தன் கைச்சரக்கில்தான் சீவிக்க வேண்டும்.

நாற்றுமேடைக்காரர் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இதுதான். துண்டு எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே தாய்மரக் கிளையின் இலைகளைக் காம்பு விட்டு நறுக்குவது, ஒட்டிய பின் பொலித்தீன் உறையைக் கவிழ்ப்பது, நிழலில் வைப்பது எல்லாம் நீர்ச் செலவைக் குறைக்கத்தான். சோழகம் வீசும் ஆனி, ஆடியில் வெட்டவெளியில் வைத்து ஒட்டினால் கலஸ் சந்திக்கும் முன்பே துண்டு காய்ந்துவிடும். உறையை ஆசைப்பட்டு அடிக்கடி திறந்து பார்ப்பதும் அதே வேலைதான் செய்யும்.

இந்தத் தண்ணீர்ச் சிக்கலைச் சுற்றிப் போகவும் ஒரு வழி இருக்கிறது. மேல்துண்டைத் தாயிடமிருந்து வெட்டாமலே ஒட்டுவது. சட்டியில் வளர்த்த கன்றைத் தாய்மரக் கிளையோடு சேர்த்து, இரண்டிலும் ஒரு சீவல் சீவி, சீவிய முகங்களை வைத்துக் கட்டிவிட்டால், ஒட்டும்வரை கிளைக்குத் தாய் வேர் நீர் கொடுக்கும். பிடித்த பிறகு வெட்டிப் பிரித்தால் போதும். இந்தியாவில் சப்போட்டாவை நெடுங்காலமாக இப்படித்தான் ஒட்டுகிறார்கள். கீழ்க்கட்டை என்ன தெரியுமா? எங்கள் பாலை மரம். ஏ-9 வீதியோரத்தில் வைத்து விற்கிற அந்தப் பாலைப்பழத்தின் மரமேதான். மெக்சிக்கோ பக்கத்திலிருந்து வந்த சப்போட்டாவும் வன்னிக் காட்டுப் பாலையும் ஒரே சாதி இனங்கள், அதனால் சேர்கின்றன. பாலைக்கன்று மெதுவாகத்தான் தடிக்கும், அதற்குப் பொறுமை வேண்டும். காட்டு மரத்தை விறகென்று மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உறவு தூரமானால் ஒட்டாது, மாவும் பலாவும் சேராது. ஆனால் புகையிலைச் சாதியில் ஒரு செடி, வேறு பல குடும்பத்துச் செடிகளோடும் ஒட்டுவதை 2020-இல் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கலச்சுவரின் செலுலோசை அறுக்கிற ஒரு நொதியம் ஒட்டுமுகத்தில் வெளிவருவதுதான் அதற்கு உதவுகிறது. மாமரத்தில் ஏறி உட்காரும் குருவிச்சையும் உறவு பார்ப்பதில்லை. அது மாவின் காழுக்குள் தன் காழை நுழைத்து நீரை இழுக்கிறது, ஒட்டுக்காரனின் கத்தி இல்லாமலே.

கீழ்க்கட்டை நாட்டு மாவென்றால் கறுத்தக்கொழும்பானின் ருசி மாறிவிடுமா என்று சிலர் பயப்படுவார்கள். ஒட்டுக்கோட்டுக்கு மேலே உள்ள கலங்கள் மேல்துண்டின் பரம்பரையலகுகளோடுதான் பிரிவடையும். புகையிலை ஒட்டொன்றில் பரம்பரையலகுகள் கோட்டைத் தாண்டியதை 2009-இல் ஜேர்மனியில் கண்டார்கள், அதுவும் தொடுமிடத்தை ஒட்டிய கலங்களில்தான். பழத்துக்கு அது எட்டாது. பழம் கெடுவது வேறு வழியில்: கோட்டுக்குக் கீழே முளைக்கிற கிளையை வெட்டாமல் விட்டால், அது மேல்துண்டை முந்தி வளர்ந்து, சில வருடத்தில் நாட்டு மாங்காயாகவே காய்க்கும். கன்று நடும்போது ஒட்டுக்கோடு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். கட்டிய நாடாவையும் புதுத் தளிர் முற்றிய பிறகு அறுத்துவிடுங்கள். விட்டால் தண்டு தடிக்கத் தடிக்க அது பட்டைக்குள் புதைந்து, இலையிலிருந்து இறங்குகிற உணவை மறித்துவிடும்.

நன்றி, வணக்கம்.