அரங்கிலா, அடுப்படியிலா?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, ஐயாமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மேடைக்கு வழி தெரியாமல் பந்தலுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்தேன். அங்கே நாளைய அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் என் கண் கலங்கியிருந்தால், இவள் ஆரம்பத்திலேயே உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"இசை பெரிதும் வாழ்வது அரங்கத்திலா, அடுப்படியிலா?" இதுதான் தலைப்பு. அடுப்படி என்றதும் மூன்று பெண்களையும் இந்தப் பக்கமே உட்கார வைத்த நடுவர் ஐயாவுக்கு முதலில் ஒரு செல்லக் குட்டு. அடுப்படி என்றால் எங்கள் அணிக்குச் சமையல்கட்டு மட்டுமில்லை. வயலும் தறியும் படகும் டவுன் பஸ்ஸும் சேர்த்துத்தான்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? இசைக்குப் பயிற்சி வேண்டும், சுருதி வேண்டும், வாய்மூடிக் கேட்கும் ரசிகர் வேண்டும். வீட்டில் பாடுவது வெறும் முணுமுணுப்பு, அதையும் இசை என்றால் குக்கர் விசிலும் இசைதான் என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் குக்கரிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் வீட்டுக்குக் குக்கர் வந்தது நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது. அதற்கு முன்னால் பானைச் சோறுதான். அடுப்புக்கு மேலே அலமாரியில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு ரேடியோ. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். அது முடிந்து பாட்டுத் தொடங்கும்போது அம்மா அரிசியைக் களைந்து போடுவார். மூன்று பாட்டு முடிந்தால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். நாலாவது பாட்டின் சரணத்தில் கஞ்சி வடித்தாகிவிடும். அந்த வீட்டில் கடிகாரம் இருந்தது, பார்த்தவர்தான் இல்லை. ஒருநாள் பெரிய தலைவர் ஒருவர் இறந்துவிட்டார். ரேடியோவில் பாட்டை நிறுத்திவிட்டு நாள் முழுக்கச் சோக வாத்தியம் வாசித்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு குழைந்துவிட்டது. அப்பா கூழைக் குடித்துவிட்டு ஆபீஸ் போனார். அரங்கத்தில் ஒரு கச்சேரி ரத்தானால் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்கும் அண்ணா, குழைந்த சோற்றை யார் திருப்பிக் கொடுப்பது?

சரி, வீட்டுக் கதை வேண்டாம், இலக்கியம் வேண்டும் என்பீர்கள். அகநானூற்றின் 102-ஆம் பாட்டுக்கு வாருங்கள். மலைச்சரிவில் தினைப்புனம். காவலுக்கு இருந்த குறவன் தேன்கள்ளைக் குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கிறான். அந்த நேரம் பார்த்துத் தினையைத் தின்ன ஓர் ஆண் யானை வருகிறது. அவன் மனைவி கூந்தலைக் கோதிக்கொண்டே குறிஞ்சிப்பண் பாடுகிறாள். யானை கதிரையும் கொள்ளவில்லை, நின்ற இடத்தை விட்டுப் பெயரவும் இல்லை. அப்படியே தூங்கிப்போகிறது. அவளுக்கு எந்தச் சபா மேடை கொடுத்தது? இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் அரங்கத்தில் ரசிகர் தூங்கினால் பாடகருக்கு அவமானம். எங்கள் தினைப்புனத்தில் தூங்கினால் அதுதான் வெற்றி, வெள்ளாமை மிச்சம்.

தாலாட்டும் அதே கணக்குத்தான். என் ஆச்சி தாலாட்டும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். உத்தரத்தில் பழைய நூல்சேலைத் தூளி. அதன் கயிற்றின் நுனி ஆச்சியின் கால் பெருவிரலில். மடியில் முறம், முறத்தில் நிலக்கடலை. கை கடலை உடைக்கும், கால் தூளியை இழுக்கும், வாய் பாடும். மூன்றுக்கும் ஒரே தாளம். அங்கே மிருதங்கமே கடலைதான். பாட்டில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? தாலாட்டை உற்றுக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பாதிதான் குழந்தைக்கு. மீதி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமியார் காதுக்கு. அண்ணன் கொண்டுவந்த சீர் எவ்வளவு, இந்த வீட்டில் அதற்கு என்ன மரியாதை கிடைத்தது, எல்லாம் பண் மாறாமல் வரும். குழந்தை தூங்கிவிடும், திண்ணைக்குத் தூக்கம் போய்விடும்.

சிரிக்கிறீர்கள். இப்போது சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை.

எங்கள் தாத்தா இறந்தபோது அத்தை வந்தார். நிலத்தகராறில் எட்டு வருடம் அந்த வாசலை மிதிக்காதவர். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் பெண்கள் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார். "வாசப்படி மிதிச்சு வருசம் எட்டாச்சே, வழியனுப்ப மட்டுமா வரச் சொன்னீக அப்பா" என்று முதல் அடி. பத்திரம் எழுதிய நாள், அதில் யார் கையெழுத்துப் போட்டார்கள், தன் மகள் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்று ஒவ்வொன்றாக வந்தது. பெரியப்பா வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு தூணோரம் நின்றார். இதையே அத்தை பேசியிருந்தால் அங்கே அடிதடி ஆகியிருக்கும். பாடினார், அதனால் கடைசி வரை கேட்டார்கள். ஒப்பாரி வைக்கும் பெண்ணை நிறுத்தச் சொல்ல எந்த ஆம்பளைக்கும் அதிகாரம் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அத்தையைக் கூட்டிவரப் பெரியப்பாவே போனார். நிலத்தைக் கொடுத்தாரா என்று கேட்காதீர்கள், அது வேறு பட்டிமன்றம்.

அடுத்து வேலைக்கு வருகிறேன். இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு ஏற்றம் தெரியும். கிணற்றோரம் ஒரு நெடுங்கம்பம், அதன்மேல் குறுக்கே நீண்ட மரம். மரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னுமாக நடப்பார். கீழே ஒருவர் சால் என்கிற இறைவாளியைக் கிணற்றுக்குள் விட்டு, நிறைந்து வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். மேலே நடப்பவரின் கால் ஒரு நொடி பிசகினால் கீழே கிணறு. அந்தக் காலடியைக் கட்டிவைத்தது பாட்டு. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே ஓடும். நோட்டும் பேனாவும் வேண்டாம்.

கம்பரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. வழியில் போனவர் காதில் ஏற்றக்காரர் பாட்டு விழுந்தது. "மூங்கில் இலைமேலே, தூங்கும் பனிநீரே" என்றார் ஏற்றக்காரர். அடுத்து "தூங்கும் பனிநீரை" என்று எடுத்தவர், பொழுது சாய்ந்துவிட்டதால் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ராமாயணம் பாடிய கம்பருக்கு அடுத்த அடி வரவில்லை. இரவெல்லாம் புரண்டுவிட்டு விடியலில் கிணற்றடிக்கே திரும்பி வந்து காத்திருந்தார். ஏற்றக்காரர் சாவகாசமாக ஏறி முடித்தார்: "வாங்கும் கதிரோனே." ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டில்லை என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்? கவிச்சக்கரவர்த்தியே ஒரு ராத்திரி காத்திருந்த அரங்கு அண்ணா அது. கூரைகூட இல்லாதது.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் இவற்றோடுதான் பறையையும் யாழையும் வைக்கிறார். இசையைச் சோற்றுக்கும் வேலைக்கும் பக்கத்தில் உட்கார வைத்தவர் அவர். உரைகாரர்கள் சொல்லும் பறைகளின் பெயரைப் பாருங்கள். நெல் அறுக்கும்போது கொட்டுவது நெல்லரிகிணை, மீன் பிடிக்கும்போது மீன்கோட்பறை. பெயரிலேயே வியர்வை நாற்றம் அடிக்கிறது. மாணிக்கவாசகர் இறைவனைப் பாட எதை எடுத்தார்? பெண்கள் வாசனைப்பொடி இடிக்கும் பாட்டை எடுத்துத் திருப்பொற்சுண்ணம் ஆக்கினார். ஊஞ்சல் பாட்டைப் பொன்னூசல் ஆக்கினார். அம்மானை ஆட்டத்தைத் திருவம்மானை ஆக்கினார். உலக்கையிலிருந்து கடவுள்வரை நேர்வழி. நடுவில் டிக்கெட் கவுன்டர் கிடையாது.

மனிதனை எழுப்பி நிறுத்துவது அரங்கத்து இசைதான் என்றார் இரண்டாவதாகப் பேசிய அண்ணன். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். சுமார் 150 மைல், சித்திரை வெயில். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். அந்த நடைக்கென்றே நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்ததுதான் "கத்தியின்றி ரத்தமின்றி". நடந்துகொண்டே பாடிப் பாருங்கள், இடது கால் வலது கால் தானாக அதில் விழும். நாற்காலியில் சாய்ந்து கேட்க எழுதிய பாட்டில்லை அது. கால் கொப்பளித்தவனை அடுத்த ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போக எழுதியது.

அரங்கத்தை நான் இழிவாகப் பேசவில்லை. டிசம்பர் சீசனில் நானும் போவேன், கேன்டீனுக்கும் போவேன். ஆனால் அந்த வீட்டுக்கு வயது என்ன? மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-இல். இன்றைய கச்சேரி முறையை வகுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பிறந்ததே 1890-இல்தான். அந்த மேடையில் தினம் தினம் பாடப்படும் தியாகராஜர் எங்கே பாடினார்? திருவையாற்றுத் தெருவில், கையில் சொம்போடு, அரிசி வாங்கிக்கொண்டு உஞ்சவிருத்தி பாடிப் போனார். அந்த அரிசி போய்ச் சேர்ந்த இடம் எது அண்ணா? அடுப்படி!

ஏற்றம் போய்விட்டது, பம்ப்செட் வந்துவிட்டது, உங்கள் பாட்டும் செத்துவிட்டதே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், எனக்கும் வலிக்கிற கேள்வி. நடவு மிஷின் வந்த வயலில் குலவைச் சத்தம் இல்லை. ஆனால் பாட்டு இடம்தான் மாறியிருக்கிறது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறாள். அங்கே நாள் முழுக்க ஸ்பீக்கரில் பாட்டு ஓடுமாம். கரன்ட் போனால் ஜெனரேட்டரில் மிஷின் ஓடும், ஸ்பீக்கர் மட்டும் ஓடாது. "அந்த அரை மணி நேரம் மிஷின் சத்தம் மண்டைக்குள்ள இறங்கிடும்க்கா. பக்கத்து லைன்ல யாராச்சும் ஒரு பாட்ட எடுப்பாங்க, அப்புறம் எல்லாருமா சேந்துக்குவோம்" என்றாள். ஏற்றக்காரரின் பேத்தி அவள். சால் எண்ணிய இடத்தில் பீஸ் எண்ணுகிறாள்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இதோ முடிக்கிறேன். ஒரே ஒரு சாட்சி மட்டும் பாக்கி. வெங்காயம் உரிக்கிறார்கள் என்றேனே, அந்தக் கூட்டத்தில் பச்சைச்சேலை கட்டிய ஓர் அம்மா நான் கடந்து வரும்போது பாடிக்கொண்டிருந்தார். இங்கே நான் மைக்கில் கத்தும்போதும் நடுநடுவே அது என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. உங்களுக்குக் கேட்டிருக்காது. சவுண்ட் சர்வீஸ் தம்பி, இந்த மைக்கை ஒரு நிமிஷம் அணைப்பா.