ஊட்டிச் சரிவில் ஒரு தொடர்

எல்லோருக்கும் வணக்கம். டிவியில் அறிவியல் புனைகதைத் தொடர் என்று பேச்செடுத்தாலே கிராபிக்ஸ் செலவு குறுக்கே வந்துவிடுகிறது. 1966இல் ஸ்டார் டிரெக் எடுத்தவர்களுக்கும் இதே கவலைதான். வாராவாரம் விண்கலத்தைத் தரையிறக்கிக் காட்டப் பணம் கட்டுப்படியாகாது, அதனால் ஆட்களை நின்ற இடத்திலேயே மறையவைத்து வேறிடத்தில் தோன்றவைக்கிற கருவியை யோசித்தார்கள். அந்தத் தொடரென்றாலே இன்றைக்கும் பலருக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

சினிமாவிடம் இல்லாத ஒன்று டிவியிடம் இருக்கிறது: காலம். நம் மெகா தொடர் ஆரம்பிக்கும்போது ஆறாவது படித்த பிள்ளை, அது முடிவதற்குள் பிளஸ் டூ எழுதிவிடுகிறது. இவ்வளவு பொறுமையாகக் கதை பார்க்கிற மக்களுக்கு எதற்கு லேசர் துப்பாக்கி?

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கிற ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1970இல் வந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், நீளவாக்கில் பிளந்த குழாய் மாதிரி மலைச்சரிவில் படுத்திருக்கும். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. சரிவும் அதே 11 டிகிரி. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் குழுவும் தேடிப்பிடித்த சரிவு அது. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, கிழக்கிலிருந்து மேற்காக மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரே விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். எந்த ஆர்ட் டைரக்டர் இப்படி ஒரு செட் போடுவார்?

நான் நினைக்கிற தொடர் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அங்கே நைட் ஷிஃப்டில் 24 வயதுப் பெண் ஒருத்தி. டௌ செட்டி நட்சத்திரத்தின் பக்கமிருந்து ஒரு சிக்னல் வருகிறது. தூரம் ஏறக்குறைய 12 ஒளியாண்டு, அதாவது ஒளியே வந்துசேர 12 வருஷம். ஊட்டித் தொலைநோக்கியால் கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. அப்புறம் வேறு நாட்டு ஆண்டெனாவுக்கு அலைந்து, டெல்லியில் அனுமதி வாங்கி, பூமியின் சார்பில் என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று சண்டை போட்டு, ஒருவழியாக அனுப்பினால், பதில் வர 24 வருஷம். அதற்குள் அவள் கல்யாணம், அம்மாவின் சாவு, "எனக்கு உன் நட்சத்திரமே பிடிக்காதும்மா" என்று கத்துகிற மகள். நம் தொடர்களுக்குக் கைவந்த குடும்பக் கதைதான், ஆனால் ஒவ்வொரு முடிச்சும் ஒளியின் வேகத்தில் போய் நிற்கிறது.

சேனல்களிடம் நான் கேட்பது இதைத்தான். ஒளியை மிஞ்சி எதுவும் போகாது என்ற அந்த ஒரு விதியைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். ரேட்டிங் இறங்குகிறதென்று நடுவில் வேற்றுக்கிரகவாசியை இறக்காதீர்கள். கடைசி எபிசோடை எழுதிவிட்டு முதல் எபிசோடை எடுங்கள்.

பதில் வந்ததா, இல்லையா? அதை எழுதுகிறவர் முடிவு செய்யட்டும். அவள் ஐம்பது வயதில், ஸ்வெட்டரும் மப்ளருமாக, மகளைக் கூட்டிக்கொண்டு அதே சரிவில் ஏறுகிறாள் பாருங்கள், அந்தக் காட்சியை மட்டும் அவசரப்படாமல் எடுத்துக் கொடுங்கள்.