காய்ச்சலுக்கு வந்த கோழிச் சாறு

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரு சாப்பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ் என்று பெயர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டுக்கு வீடு செய்வார்கள். கோழியை எலும்போடு வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே மாவைப் போட்டு வேகவிடுவது, அவ்வளவுதான்.

வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்தில் நான் சில வருஷம் இருந்தேன். போன முதல் குளிர்காலத்தில் நல்ல காய்ச்சல், மூன்று நாளாக வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், ஒரு பாத்திரத்தைத் துண்டால் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மூடியைத் திறந்ததும் மிளகு வாசனை. அங்கே ஒரு வீட்டில் உடம்பு சரியில்லை என்றாலோ, பிள்ளை பிறந்தாலோ, சாவு விழுந்தாலோ அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அந்தப் பாத்திரத்தில் அடிக்கடி இருப்பது இதுதான்.

அந்த அம்மா இதை 'சிக்கன் பேஸ்ட்ரி' என்றுதான் சொல்வார். பேஸ்ட்ரி என்றதும் நமக்குக் கேக் கடைதான் ஞாபகம் வரும், ஆனால் அந்தப் பக்கத்தில் மெல்லிசாகத் தேய்த்து வெட்டிப் போடும் மாவுத் துண்டுக்கே அதுதான் பெயர். இன்னொரு வகையும் உண்டு: பேக்கிங் பவுடரும் கெட்டி மோரும் சேர்த்துத் தளர்வாகப் பிசைந்து, கரண்டியால் கிள்ளிப் போடுவது. அது இட்லி மாதிரி உப்பி மேலே மிதக்கும். எது அசல் என்று அங்கே குடும்பத்துக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கும். எனக்குத் தட்டை வகைதான் பிடிக்கும், சாறு அதில்தான் நன்றாக ஊறுகிறது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். சாறுதான் எல்லாம், அதில் அவசரப்பட்டால் பின்னால் எதைச் சேர்த்தாலும் சரிக்கட்ட முடியாது. அந்தக் காலத்தில் முட்டையிடுவதை நிறுத்திய கிழக்கோழியைத்தான் இதற்கு எடுப்பார்கள். கறி முரடு, ஆனால் மெதுவாக வேகும்போது தோலிலும் மூட்டிலும் இருக்கும் பசை கரைந்து சாறு கெட்டிப்படும். முழுக்கோழி மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர், ஒரு வெங்காயம், கொஞ்சம் செலரி, பிரிஞ்சி இலை, உப்பு, மிளகு. தளதளவென்று கொதிக்கவே கூடாது, ஓரத்தில் சின்னச் சின்னதாகக் குமிழி வந்தால் போதும். கடைக் கோழிக்கு ஒன்றரை மணி நேரம், கிழக்கோழி என்றால் மூன்று மணி நேரம் கூட ஆகும். கறியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, எலும்பை மறுபடி சாற்றில் போட்டு அரை மணி நேரம் விட்டு வடிகட்டுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள்!

இரண்டு கப் மைதா, உப்பு, நான்கு மேசைக்கரண்டி அந்தக் கோழிக் கொழுப்பு, பிசையத் தேவையான அளவு சூடான சாறு. சப்பாத்திக்கு அடித்துப் பிசைவது போல இதைப் பிசையக் கூடாது, மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பராகிவிடும். தென் மாநிலத்துப் பாட்டிமார்கள் ஒயிட் லில்லி மாவைத் தேடி வாங்குவதும் இதனால்தான். 1883-இல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் தொடங்கிய மாவு அது. மென்மையான கோதுமையில் அரைப்பதால் புரதம் குறைவு, மாவு இழுபடாது.

அரை மணி நேரம் மூடி வைத்து, மெல்லிசாகத் தேய்த்து, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தூள்மாவைத் தட்டிவிட வேண்டாம், சாற்றைக் குழம்புப் பதத்துக்குக் கொண்டுவருவது அதுதான். இப்போது மட்டும் சாறு நன்றாகக் கொதிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டாகப் போடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் ஒட்டிக் கட்டியாகிவிடும். கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைப் பிடித்து லேசாக ஆட்டிவிட்டால் போதும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வெந்துவிடும், அப்புறம் கறியைச் சேர்த்து, மிளகைத் தாராளமாகத் தூவி, அடுப்பை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்கள்.

கிள்ளிப் போடும் வகை செய்கிறீர்கள் என்றால் பதினைந்து நிமிஷத்துக்கு மூடியைத் தொடவே கூடாது. உருண்டையின் அடிப்பக்கம் சாற்றிலும் மேல்பக்கம் ஆவியிலும் வேகிறது, நடுவில் திறந்து பார்த்தால் ஆவி போய் உள்ளே பச்சை மாவாக நின்றுவிடும்.

எனக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து, அந்த அம்மாவின் சமையலறையில் நின்றுதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். எவ்வளவு சாறு ஊற்றுவது என்று நான் ஒவ்வொன்றுக்கும் அளவு கேட்க, அவர் என் கையைப் பிடித்து மாவில் வைத்து, "இப்படி இருக்கணும்" என்றார். மிஞ்சியதை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினார். மறுநாள் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டியில் களி போல இறுகிக் கிடந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று ஓடிப்போய்க் கேட்டேன். அரை டம்ளர் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் வை, கிளறாதே என்றார். அன்று ராத்திரி அது முதல் நாளைவிட ருசியாக இருந்தது.