எரிபொருள் தொட்டியை எடுத்த குழியில் மண்ணை ஆராய்வது எப்படி?

[காட்சி: திறந்த குழி, அருகே துருவேறிய இரும்புத் தொட்டி]

பல ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த எரிபொருள் தொட்டியைக் கிரேன் வெளியே தூக்கி வைத்துவிட்டது. தொட்டியில் ஓட்டை எதுவும் தென்படவில்லை, குழியின் மண்ணும் பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கிறது. ஆயினும் குழியை மூட இன்னும் நேரம் வரவில்லை. தொட்டி நல்ல நிலையில் இருந்தாலும், அதனுடன் சேர்ந்த குழாய்களின் இணைப்புகள் வழியாகவோ, எரிபொருள் நிரப்பும்போது வழிந்து சிந்தியதாலோ மண் கெட்டிருக்கலாம்.

ஆகவே தொட்டியின் இரு முனைகளுக்கு அடியிலும், நிரப்பு குழாயின் கீழும், பம்புகளுக்குச் செல்லும் குழாயின் ஒவ்வொரு இணைப்புக்கு அருகிலும் மாதிரி எடுக்கிறார்கள். தொட்டியைச் சுற்றி முன்பு கொட்டிய மணலை அள்ளினால் போதாது. மணல் எரிபொருளைத் தன்னிடம் நிறுத்தாமல் கீழே இறக்கிவிடும் என்பதால், அதற்கு அடியில் உள்ள இயற்கை மண்ணே சோதனைக்கு உரியது.

[காட்சி: பொக்லைன் வாளி மண்ணை மேலே கொண்டுவருகிறது]

மாதிரிக்காக யாரும் குழிக்குள் இறங்குவதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; குழியின் அடியில் தேங்கும். காற்றில் அது ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். எனவே பொக்லைன் வாளி கொண்டுவரும் மண்ணின் நடுப்பகுதியிலிருந்து, காற்று அதிகம் படாத இடமாகப் பார்த்து, உடனே மாதிரி எடுக்கப்படுகிறது.

இந்த 'உடனே' என்பதில்தான் பல ஆய்வுகள் கோட்டை விடுகின்றன. பெட்ரோலில் உள்ள பென்சீன் போன்ற பொருள்கள் மண்ணைக் கிளறும்போதே ஆவியாகிப் போகின்றன. உலோகங்களைச் சோதிக்கும்போது பல இடங்களின் மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக்கலாம். பெட்ரோலுக்கு அப்படிச் செய்தால், மண்ணில் இருந்த மாசு ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை. சிறிய உறிஞ்சு குழலால் சில கிராம் மண்ணை எடுத்து, ஆவியாகும் பொருள்களைக் கரைத்துப் பிடித்து வைக்கும் மெத்தனால் திரவம் உள்ள குப்பியில் இட்டு, சுமார் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து, 14 நாட்களுக்குள் சோதித்துவிடுவது வழக்கம்.

களத்தில் உதவ ஒளி அயனியாக்கக் கருவி ஒன்று உண்டு. பையில் பாதியளவு மண்ணை இட்டு, மூடி, சற்று நேரம் கழித்து மேலே தேங்கிய ஆவியை அது அளக்கும். பெட்ரோலுக்கு நன்றாகவே காட்டும். எளிதில் ஆவியாகாத டீசலுக்குக் குறைத்தே காட்டும். ஆகவே எங்கே மாதிரி எடுப்பது என்று தேர்வு செய்ய அதை நம்பலாம், மண் சுத்தம் என்று தீர்ப்பு எழுத நம்பலாகாது. மண்ணை முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் பழக்கம் அதைவிட மோசம். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்.

எதைத் தேடுவது என்பது தொட்டியில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் என்றால் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன்; டீசல் என்றால் நாப்தலீனும் நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன்களும்; ஈயம் கலந்த பெட்ரோலை வைத்திருந்த பழைய தொட்டி என்றால் ஈயமும்.

[காட்சி: மண்ணடுக்குகளின் குறுக்குவெட்டுப் படம்]

சிறு கசிவுதானே என்று விட முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒரு சதவீதம் பென்சீன் இருந்தால், அது ஏழு கிராமுக்கும் மேல். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்தக் கணக்கில், ஏழு லட்சம் லிட்டர் சுத்தமான நீரை அந்த எல்லைவரை மாசுபடுத்த அந்த ஒரு லிட்டர் போதும்.

குழியில் மாசு தெரிந்தால், அதன் ஓரங்கள் எங்கே முடிகின்றன என்று பார்க்கச் சுற்றிலும் துளையிடுகிறார்கள். எல்லாப் பக்கமும், ஆழத்திலும், சுத்தமான மாதிரி கிடைக்கும்வரை வேலை தொடரும். நிலத்தடி நீர் ஓடும் திசையை அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். அவை ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. எரிபொருள் நீரில் மிதப்பதால், கிணற்றின் துளையிட்ட குழாய்ப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுவதும் நீருக்குள் மூழ்கியிருந்தால் மேலே மிதக்கும் படலம் கிணற்றுக்குள் வராது. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது எரிபொருளும் கூடவே ஏறி இறங்கி, இடைப்பட்ட மண் முழுவதிலும் பூசிக்கொள்கிறது. மழைக்காலத்தில் படலமே இல்லாமல் தோன்றிய அதே கிணற்றில், நீர் வடிந்த கோடையில் அது மீண்டும் தென்படக்கூடும் என்பதால், இரு பருவங்களிலும் அளக்கிறார்கள்.