பட்டுமுடியும் நிற்காத காலும்

நேயர்களுக்கு வணக்கம். மாடும் ஆடும் பார்த்தே பணிக்காலம் முழுவதையும் கழித்த கால்நடை மருத்துவன் நான். இன்றைக்குப் பூனையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் டெல்டாவில் பூனையைத் தூக்கிக்கொண்டு யாரும் டாக்டரிடம் வரமாட்டார்கள். இப்போது கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை எங்கே போனாலும் நீளமுடிப் பூனை ஒன்று ஜன்னலில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிறது.

அது வந்து சேர்கிற வழி பெரும்பாலும் ஒன்றுதான். மகனோ மகளோ சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும்போது ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அப்புறம் கல்யாணம், குழந்தை, சிங்கப்பூருக்கு மாற்றல். பூனை ஒரு கூடையில் ஊருக்கு வந்துவிடுகிறது. "அது பாட்டுக்கு ஒரு ஓரமாப் படுத்துக் கிடக்கும்ப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். பெர்சியன் என்றால் அந்தப் பேச்சு ஓரளவு சரி. துருக்கி அங்கோரா என்ற நீளமுடி இனம் என்றால் அப்பா பாவம்.

அங்கோராவை எல்லோரும் முடியைப் பார்த்துத்தான் விரும்புகிறார்கள். முடி ஒரு பெரிய விஷயமே இல்லை. அதன் சுறுசுறுப்போடுதான் நாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வோம். பெர்சியனுக்கு உருண்டை முகம், சப்பை மூக்கு, குட்டைக் கால். அங்கோராவுக்கு ஒல்லியான நீண்ட உடம்பு, உயர்ந்த கால்கள், தலைமேல் நெருங்கி நிமிர்ந்து நிற்கும் பெரிய காதுகள், சாமரம் மாதிரி வால். எடை பெரும்பாலும் 3 முதல் 5 கிலோவுக்குள். நம் ஊரில் அங்கோரா என்று சொல்லி விற்கப்படுவதில் பல, வெள்ளைப் பெர்சியன் கலப்புகள். பரம்பரைச் சான்று கையில் இல்லாவிட்டால் அங்கோரா என்பது விற்கிறவரின் வாய்ச்சொல் மட்டுமே. அதனால் பூனைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, பணம் கொடுக்கும்போது மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துருக்கியின் தலைநகரான அங்காராவின் பழைய பெயர்தான் அங்கோரா. ஐரோப்பாவுக்குப் போன அங்கோராக்களைப் பெர்சியனோடு கலந்து கலந்து, ஒரு கட்டத்தில் அங்கே சுத்தமான அங்கோராவே அரிதாகிவிட்டது. அங்காரா விலங்குக் காட்சிசாலை வெள்ளைப் பூனைகளைத் தனியே வைத்து இனம் பெருக்கியது. 1960களின் தொடக்கத்தில் அங்கிருந்து சில அமெரிக்காவுக்குப் போயின. அமெரிக்காவின் பூனைப் பதிவுச் சங்கமான சி.எஃப்.ஏ. 1978 வரை வெள்ளை அங்கோராவை மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. கறுப்பு, சாம்பல், வரி போட்டது எல்லாம் அதற்குப் பிறகுதான் பதிவுக்கு வந்தவை. அங்கோரா என்றாலே வெள்ளை என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

அங்காரா கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். குளிர்காலத்தில் பனி கொட்டும். அங்கே பூனைக்குக் குளிருக்கு முடி அடர்த்தியாகும், வெயில் காலத்தில் உதிரும். இதில் குளிரை விடப் பகல் வெளிச்சத்தின் நீளத்துக்குத்தான் பங்கு அதிகம். அங்காராவில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். தஞ்சாவூரில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தால் அதிகம். ஆடிக்கும் மார்கழிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் நம் ஊர்ப் பூனை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக முடி உதிர்க்கிறது. "சார், முடி கொட்டிக்கிட்டே இருக்கு, சத்துக் குறைவா?" என்று கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். சொட்டை விழுந்தால் மட்டும் கொண்டு வாருங்கள்.

அங்கோராவுக்கு உள்முடி கிடையாது என்றே சொல்லலாம், பட்டு மாதிரி ஒற்றை அடுக்குதான். அதனால் பெர்சியன் போலச் சடை பிடிக்காது. வாரத்தில் இரண்டு முறை அகலப் பல் வைத்த இரும்புச் சீப்பால் வாரினால் போதும். காதுக்குப் பின்னால், அக்குள், பின்தொடை, வாலடி, இந்த நாலு இடத்தில்தான் சிக்கு விழும். பாட்டி வைத்திருக்கும் பேன் சீப்பைத் தூக்கிப் போடாதீர்கள், தெள்ளுப்பூச்சி பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சீயக்காய் போடாதீர்கள். வெயில் என்று மொட்டையும் அடிக்காதீர்கள், அந்த முடிதான் சூட்டையும் வெயிலையும் தடுக்கிறது. சித்திரை வெயிலில் சிவப்புச் சிமெண்ட் தரை, ஒரு மின்விசிறி, இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் இருந்தால் பூனை சமாளித்துக்கொள்ளும். நாய் வாயைத் திறந்து மூச்சிரைப்பது சாதாரணம். பூனை அப்படி இரைத்தால் அவசரம். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சரி, முடியை முடித்துவிட்டோம். இனிதான் பூனை.

அங்கோராவுக்கு வீட்டிலேயே உயரமான இடம் எதுவோ அதுதான் இருப்பிடம். பழைய ஓட்டு வீடு என்றால் தூணில் ஏறித் தூலத்துக்குப் போய்விடும். புது வீடு என்றால் பீரோ உச்சி, பரண், கதவின் மேல் விளிம்பு. நீங்கள் சமையலறைக்குப் போனால் அதுவும் வரும், பூஜைக்கு உட்கார்ந்தால் அதுவும் உட்காரும். வீட்டில் ஒருவரைத் தனக்கென்று தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பல வீடுகளில் அந்த ஒருவர், "பூனையா, சனியன், வேண்டவே வேண்டாம்" என்று முதல் நாள் சொன்ன அப்பாவாகத்தான் இருக்கிறார். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கதவுக் கொண்டியைத் தட்டித் திறக்கப் பழகிக்கொள்ளும், குழாயடியில் ஒழுகும் தண்ணீரைக் காலால் பிடித்து விளையாடும்.

நவராத்திரிக்கு வருவோம். ஒன்பது படி, அதில் பளபளவென்று துணி, மேலே பொம்மை. பூனைக்கு அது அடுக்கி வைத்த ஏணி. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம், தட்டினால் ஆடுகிற பொருளை அதன் கண்முன்னால் கொண்டுவந்து நாமே வைக்கிறோம். தசாவதாரத்தில் பாதி அவதாரம் தரையில் கிடப்பதைப் பார்த்து அழுத வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். திட்டிப் பயனில்லை, அடித்தால் உங்களைக் கண்டு ஒளியுமே தவிர ஏறுவதை விடாது. செய்ய வேண்டியது இரண்டு. கொலு அறைக்குக் கதவு போடுங்கள். கொலு ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வேறு ஓர் இடத்தில் அதற்கு உயரம் கொடுங்கள். சுவரில் இரண்டு மூன்று பலகையை ஏற்ற இறக்கமாக அடித்து, ஒரு மரக்கட்டையில் தென்னங்கயிற்றை இறுக்கிச் சுற்றி நிறுத்தினால், ஏறுவதற்கும் நகம் கீறுவதற்கும் இடமாகிவிடும். கடையில் விற்கும் பூனை மரத்தை விட இது கெட்டி. கோரைப் பாயும் சோபாவும் தப்பிக்கும்.

முட்டிவலிக்காரர்கள் பூனையோடு எப்படி ஓடுவது என்று கேட்பீர்கள். ஓட வேண்டாம். ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு நீளமான குச்சி நுனியில் துணியைக் கட்டி ஆட்டுங்கள். காலையில் பத்து நிமிஷம், விளக்கு வைக்கிற நேரத்தில் பத்து நிமிஷம். பூனை வேட்டைக்குக் கிளம்பும் நேரம் அதுதான். துரத்த விட்டு, கடைசியில் ஒருமுறை பிடிக்கவும் விட்டு, உடனே சாப்பாடு போடுங்கள். வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் என்று அதன் வரிசை முடிந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் வயிற்றின் மேல் குதிப்பது பெருமளவு குறையும்.

விளையாட்டு முடிந்ததும் அந்தக் குச்சியையும் துணியையும் எடுத்து உள்ளே வையுங்கள். பூனையின் நாக்கில் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் உண்டு, வாய்க்குள் போன நூலை அதால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். குடலில் நூல் மாட்டினால் குடல் சுருண்டு கிழியும், அறுவை சிகிச்சைதான் வழி. திருபுவனம் பக்கம் தறி வைத்திருக்கிறவர்கள் வீட்டில் பட்டு நூல், மற்ற வீடுகளில் பூத்தொடுக்கும் வாழைநார், தையல் நூல். மல்லிகைச் சரம் தலையிலிருந்து இறங்கிய பிறகு எங்கே போகிறது என்று பாருங்கள். பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள்.

நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று, இந்தப் பூனையை வெளியே விடாதீர்கள். தெருநாயும் டூவீலரும் மட்டும் காரணம் இல்லை. குறுவையோ சம்பாவோ, பயிர் நிற்கும் வயலில் எலிக்கு மருந்து வைக்கிறார்கள். பூனை அந்த மருந்தைத் தின்ன வேண்டும் என்பதில்லை, மருந்து தின்ற எலியைத் தின்றாலே போதும். புரோமடையலோன் வகை மருந்து ரத்தம் உறைவதைக் கெடுப்பது. தின்று சில நாள் கழித்துத்தான் அறிகுறி தெரியும், அதற்குள் தாமதமாகியிருக்கும். கிட்டி வைத்து எலி பிடித்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. முற்றம் வைத்த வீட்டில் மேலே கம்பி போட்டிருக்கிறோமே என்பார்கள். திருடனுக்கும் குரங்குக்கும் போட்ட கம்பி அது, அங்கோரா அதில் சுலபமாக நுழையும். அதன் மேல் நைலான் வலை கட்டுங்கள். வேலியில் செங்காந்தள் படர்ந்திருந்தால் அதையும் எட்டவிடாதீர்கள், கிழங்கு, இலை, பூ எல்லாமே நஞ்சு.

வெள்ளை அங்கோரா என்றால் காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். முடியை வெள்ளையாக்கும் மரபணுவே உள்காதையும் பாதிக்கக்கூடியது. வெள்ளைப் பூனைகளில் இரண்டு கண்ணும் நீலமாக இருந்தால் நூற்றுக்கு 65 முதல் 85 வரை காது கேளாதவை, ஒரு கண் மட்டும் நீலம் என்றால் சுமார் 40. ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள் உள்ள பூனைக்குப் பல சமயம் நீலக்கண் பக்கத்துக் காதுதான் போயிருக்கும். தூங்கும்போது பின்னாலிருந்து ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். மூச்சுக்காற்றோ தரை அதிர்வோ படாத தூரத்தில் நின்று தட்ட வேண்டும். கேட்காவிட்டாலும் அது நன்றாகவே வாழும். விளக்கைப் போட்டு அணைத்தோ, தரையைக் காலால் தட்டியோ கூப்பிடலாம். அதைக் குட்டி போட மட்டும் விடாதீர்கள். வெள்ளைப் பூனைக்கு நம் வெயிலில் காது நுனி பொசுங்கும், ஆறாத புண்ணாகிப் புற்றுநோய் வரை போகலாம். மத்தியான வெயில் விழும் ஜன்னலுக்கு ஒரு திரை போதும்.

சாப்பாடு. தயிர் சாதத்தில் பூனை வளரும் என்ற நம்பிக்கை நம் பக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. நாட்டுப் பூனை எலியும் ஓணானும் பிடித்துச் சரிக்கட்டிக்கொண்டது. வெளியே போகாத அங்கோரா எங்கே போகும்? பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்து வந்தாக வேண்டும். அது குறைந்தால் இதயம் வீங்கும், கண் பார்வை போகும். சைவ வீடு என்றால் பாக்கெட்டில் வரும் பூனைத் தீவனம் வாங்குங்கள், அதில் சேர்த்திருப்பார்கள். அதுவும் கூடாது என்றால் பூனை வளர்க்காதீர்கள், முயலோ கிளியோ... கிளி வேண்டாம், அது சட்டத்துக்கு ஆகாது. மீன் கொடுப்பவர்கள் வேகவைத்து, முள் எடுத்து, உப்பில்லாமல் கொடுங்கள். கருவாடு வேண்டாம். பால் வளர்ந்த பூனைக்குப் பேதியாகும். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

பூனையின் உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டால் சுடத்தான் செய்யும். அதைக் காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மருந்தை உடைக்கும் வேலையைப் பூனையின் கல்லீரல் செய்யாது, 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைக் கொல்லும். நாய்க்கு விடும் உண்ணி மருந்தையும் விடாதீர்கள், பெர்மெத்ரின் உள்ளது பூனைக்கு வலிப்பு வரவழைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீளமுடிக்குள் ஈரம் தங்கினால் படர்தாமரை வரும். அது பேரப்பிள்ளைகளுக்கும் ஒட்டும். வட்டமாக முடி கொட்டினால் மஞ்சள் பூசிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே காட்டுங்கள், மருந்து பல வாரம் எடுக்கும்.

தடுப்பூசி இரண்டு: பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி, வெறிநாய்க்கடி தடுப்பூசி. வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் போட வேண்டும். குடும்பக்கட்டுப்பாடு ஐந்து, ஆறு மாதத்தில் செய்துவிடுங்கள். நான்கு மாதத்திலேயே சினையாகும் பூனைகள் உண்டு, நம் ஊரில் பகல் நீளம் அதிகம் மாறாததால் பருவம் வருஷம் முழுக்க வரும். ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனையிலும் முதலில் கேட்டுப் பார்க்கலாம். கூட்டிப் போகும்போது மூடிய கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டு போர்த்துங்கள். மடியில் வைத்து டூவீலரில் வந்தவர்களின் கையை நான் பார்த்திருக்கிறேன். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வணக்கம்.