மதகு உடைந்த வாரம்

எல்லோருக்கும் வணக்கம். தாமதமாக வந்ததற்கு மன்னித்துவிடுங்கள். காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி ஒன்றும் தூரமில்லை. ஆனால் நாலு வயதுக்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் கணக்கே வேறு. பஸ் ஏறிய பிறகுதான் பார்க்கிறேன், ஒரு காலில்தான் செருப்பு. இன்னொன்று எங்கே என்றால், "அது தூங்குது" என்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தை வளர்ச்சி பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் டாக்டர் இல்லை. ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். விடியற்காலை நாலரைக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் பெரியவனை என் அத்தைதான், அதாவது மாமியார்தான் பார்த்துக்கொண்டார்.

2017 நவம்பர் கடைசியில் நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் ஒரு மதகு உடைந்ததே, நினைவிருக்கிறதா? தென்பெண்ணைக் கரையில் இருக்கிற எங்கள் ஊரில் அந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சு. பெரியவனுக்கு அப்போது பதின்மூன்றாம் மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திண்ணையைப் பிடித்து நின்றவன் கையை விட்டான். நாலே அடி. என் மடியில் வந்து விழுந்தான். நான் அழுதுவிட்டேன். அத்தை, "அட, நடந்துட்டானே!" என்று கையைத் தட்டினார். காலண்டரில் டிசம்பர் 3-ஐ வட்டம் போட்டு வைத்தேன்.

பதின்மூன்று மாதம் சீக்கிரமா, தாமதமா என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. எட்டு மாதத்தில் தனியாக நடக்கிற பிள்ளையும் உண்டு, பதினேழரை மாதத்தில் நடக்கிற பிள்ளையும் உண்டு. நூற்றுக்கு நாலு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழாமலே எழுந்து நடந்துவிடுகின்றன. ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லையா, டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் புலவர்களும் ஒரு மாதக் கணக்கு வைத்திருந்தார்கள். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி என்று ஒற்றைப்படை மாதங்களாகவே போகும். பதின்மூன்றாம் மாதம் பிள்ளை நடக்கிற பருவம். அதற்கு நடை என்று பெயர் வைக்கவில்லை பாருங்கள், வருகை என்றார்கள். 'வா, வா' என்று தாய் கூப்பிடுகிற பாட்டு. பள்ளிக்கூடத்தில் பத்துப் பருவத்தையும் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம் சின்னவள் பிறந்தாள். பதினாலு மாதமாகியும் நடக்கவில்லை. ஒரு நாள் அத்தை களி கிண்டிக்கொண்டே சொன்னார்: "பெரியவன் மதகு உடைஞ்ச மறுநாளே நடந்துட்டான். இவ என்ன இப்படிச் சோம்பேறியா இருக்கா?"

"மறுநாளா? ஞாயித்துக்கிழமைதானே அத்தை?"

துடுப்பு நின்றது. நிறுத்தினால் களி கட்டி தட்டிவிடும், அதனால் மறுபடி கிண்டினார். "நீ வேலைக்குப் போயிருந்த. தெருவே தண்ணி பாக்கப் போவுது, இவனும் இடுப்புலருந்து இறங்கி நாலு அடி வெச்சிட்டான். உன்கிட்ட சொன்னா அழுவ. உன்கிட்டயும் நடந்து வரட்டும்னு விட்டுட்டேன்."

மூன்று நாள் அந்த மனுஷி வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அத்தைக்குத் தெரிந்த விஷயம் பொழுது சாய்வதற்குள் ஆற்றுக்கு அக்கரைக்கும் தெரிந்துவிடும் என்பது எங்கள் தெருப் பேச்சு! எனக்குக் கொஞ்சம் கோபம்தான். காலண்டர் வட்டம் பொய்யாகிவிட்டதே என்று இரவெல்லாம் புரண்டேன். அப்போதுதான் அந்த வருகை என்ற சொல் நினைவுக்கு வந்தது. அவன் நடந்தது வியாழக்கிழமை, என்னிடம் வந்தது ஞாயிற்றுக்கிழமை. வட்டம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்த வாரம் அத்தை ஒரு காதுகுத்துக்குப் பாலக்கோடு போனார். அவர் இல்லாத அந்த இரண்டு நாளில், ஒரு சாயங்காலம், சின்னவள் கட்டிலை விட்டுவிட்டுத் துணி மூட்டை வரை நடந்தாள். பெரியவன் தெருவுக்கு ஓடிக் கத்தப் பார்த்தான். பிடித்து வாயைப் பொத்தினேன்.

மறுநாள் அத்தை முறுக்குப் பையோடு வாசலில் ஏறும்போதே கேட்டார்: "என்ன, இன்னும் நடக்கலையா?"

"இல்லையே அத்தை" என்றேன்.

அத்தை பையை ஓரமாக வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார்.